மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

லிப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும் அந்தக் குடியிருப்பில் அவருக்கு லிப்ட்காரர் என்றுதான் பெயர். லிப்ட் நின்றால் முதலில் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். அவரும் ஸ்குரூடிரைவரை எடுக்கும் முன் பழைய கதையை எடுத்துவிடுவார்.

"அந்தக் காலத்துல இந்த லிப்ட் ஒரு நாள் நின்னதுண்டா? பூ மாதிரி ஏறும். இப்ப யார் யாரோ வந்து மூட்டை முடிச்சோட ஏறுறாங்க."

யார் யாரோ என்பது, நான்கு மாதம் முன்பு வேறு நாட்டிலிருந்து ஐந்தாம் மாடிக்குக் குடிவந்த குடும்பம். கணவன், மனைவி, முழங்கால் மடங்காத ஒரு கிழவி.

அன்று காலையும் லிப்ட் நின்றுவிட்டது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு தாளோடு அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஐந்தாம் மாடிக்காரர்கள் இனி படியில்தான் ஏற வேண்டும்; காரணம், அதிக பாரம். தொழில் தெரிந்தவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

லிப்ட்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். செயலாளர் சும்மா இருக்காமல், அவர் மனைவியைப் பார்த்து, "அண்ணி, நீங்க ரெண்டு பேரும் முதல்ல இந்த லிப்ட்லதான் பாத்துக்கிட்டீங்களாமே?" என்றார்.

கேட்டது மனைவியிடம், வாயைத் திறந்தது லிப்ட்காரர். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுபோச்சு சார். உள்ள இவ, தையல் மெஷினோட. நான் மேலேர்ந்து கதவைத் திறந்து..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நிக்காத லிப்ட்ல நான் எப்படி மாட்டினேன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி.

"அது ஏதோ ஒரு தடவ."

"அப்புறம் வாரம் மூணு தடவ வந்தீங்களே, அது என்னைப் பாக்கவா, லிப்ட்டைப் பாக்கவா?"

லிப்ட்காரர் செயலாளரைப் பார்த்தார். அவரால் உதவ முடியவில்லை.

"ரெண்டையும்தான்," என்றார் மெதுவாக.

"நாங்க அப்ப ஊருக்குப் புதுசு. மெஷினை ஏத்திக் கெடுத்துட்டோம்னு பில்டிங்கே திட்டுச்சு. கதவு சுவிட்ச்தான் தேஞ்சிருக்குன்னு கழட்டிக் காட்டி அவங்க வாயை அடைச்சது யாராம்?"

அவர் அன்றுதான் முதல் தடவையாகக் கதை இல்லாமல் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனார். அரை மணியில் லிப்ட்டைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தார். தாளில் 'அதிக பாரம்' என்பதை அடித்துவிட்டு, 'கதவு சுவிட்ச் தேய்ந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் மாடிப் படியில் கிழவி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக லிப்ட்டில் ஏற்றினார். மூன்றைத் தாண்டும்போது லிப்ட் லேசாக உதறியது. கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா," என்றார், அவளுக்குப் புரியாத மொழியில், ரொம்பப் பெருமையாக. "அந்தக் காலத்துல இது வாரம் மூணு தடவ நிக்கும்!"