பஸ்ஸில் ஏறாத திங்கட்கிழமை

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் ஓர் ஐந்து மாடி ஃபிளாட்டில் குடியிருந்தோம். நான் ஷா ஆலத்தில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். எங்களைத் தினமும் ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் ஃபேக்டரி பஸ்ஸை ஓட்டியவர் நாலாவது மாடி அண்ணன். தங்கமான மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். யாராவது தாமதமானால் ஹாரன்கூட அடிக்காமல் காத்திருப்பார். அவர் மனைவியும் அதே பஸ்ஸில் வந்து எங்கள் தொழிற்சாலையில்தான் பேக்கிங் செய்தாள்.

அந்தத் தங்கமான மனிதர்தான் அவளை அடித்தார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சத்தம் கேட்கும். மறுநாள் கன்னம் வீங்கி வருவாள். "பாத்ரூம்ல வழுக்கிடுச்சுக்கா" என்பாள். இத்தனை முறை வழுக்கும் பாத்ரூமை எந்தப் பாவி கட்டினான் என்று எனக்கு எரிச்சலாக வரும். போலீஸிடமும் போய்ப் பார்த்தோம். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட் பெண்களை என் வீட்டில் கூட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் நானே பேசி நானே முடிவும் சொன்னேன். அவர் கை நீட்டுவதை நிறுத்தும்வரை அவர் பஸ்ஸில் யாரும் ஏறக்கூடாது, டவுன் பஸ் பிடித்துப் போவோம். ஆள் ஏறாவிட்டால் ஃபேக்டரி கொடுத்த பஸ் கான்ட்ராக்ட் போய்விடும் என்று மனிதர் பயந்துவிடுவார் என நினைத்தேன். அவளும் அங்கேதான் இருந்தாள். சரிதானே என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். அன்றே போய் அவரிடம் முடிவைச் சொன்னேன்.

"என் வீட்டுச் சண்டைக்கு பஸ் என்னம்மா பண்ணுச்சி?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை பஸ் வந்து நின்றது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். முதல் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜன்னல் பக்கம் போய்க் கத்தினேன். "உனக்காகத்தானே இத்தனை பேரும் நிக்கிறோம்? நீயே ஏறி உக்காந்துட்டா எப்படி லா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏறுன்னாரு, ஏறிட்டேன். நீங்க ஏறலன்னா ஷா ஆலம் வரைக்கும் அவரோட நான் தனியா போகணும்க்கா."

படியில் காலை வைத்தேன், எடுத்தேன். ஏறினால் தோற்றதாக ஆகிவிடும். ஏறாவிட்டால் இவளை நாங்களே அவர் கையில் தனியாகக் கொடுத்தது போல. "என்னக்கா செய்றது?" என்று பின்னால் நின்றவர்கள் கேட்டார்கள். என்னிடம் கேட்கிறார்களே என்று அதற்கும் கோபம் வந்தது. கடைசியில் நான் ஏறினேன், எல்லோரும் ஏறினார்கள். "குட் மார்னிங் தங்கச்சி" என்றார் அவர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாலையில் ஃபிளாட் வாசலில் பஸ் நின்றது. வழக்கமாக நாங்கள் இறங்கியதும் பஸ்ஸைப் பின்பக்கம் நிறுத்த அவர் போவார், அவளும் கூடவே போவாள். அன்று அவளைக் கையைப் பிடித்து எங்களோடு இறக்கினேன். எல்லோருமாக நாலாவது மாடிக்கு ஏறினோம். அவள் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள்.

"பஸ் வரைக்கும் வந்தீங்க, கதவு வரைக்கும் வந்துட்டீங்க. அப்புறம்?"

கேலி செய்தாளா, கெஞ்சினாளா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டம் கூட்டியவள் நான்தானே. கீழே படியில் அவருடைய சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. பயமாக இருந்தது. என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். "கொஞ்சம் தண்ணி குடு" என்றேன். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

அவர் மேலே வந்தார். வாசலெல்லாம் எங்கள் செருப்பு. தன்னுடையதைக் கழற்ற இடமில்லாமல் வெளியிலேயே நின்றார். எங்கள் எல்லோருடைய வீட்டிலும் அடுப்பு மூட்டாமல் கிடந்தது. எப்போது எழுந்து போவது என்றுதான் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.