லட்சுமி அத்தை வாசலில் தொங்கிய நட்சத்திரம்

மகள் கிறிஸ்துமஸுக்காக மொட்டைமாடியிலிருந்து சீரியல் செட் விளக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். கீழே நான் காகித நட்சத்திரத்தை விரித்தேன். ஒரு வருடம் மடித்துவைத்த காகிதத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அந்த வருடம் புரட்டாசியில் அப்பா இறந்துபோயிருந்தார். துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டக் கூடாது என்றாள் அம்மா. அவள் சொன்னால் சொன்னதுதான். நான் நட்சத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் அழுதேன். பக்கத்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த லட்சுமி அத்தை பசைக் கையோடு எழுந்து வந்தாள்.

"ஏட்டி, ஒங்க வீட்டுலதான கட்டக் கூடாது? எங்க வீட்டுல கட்டுனா யாரு கேக்கப் போறா? கொண்டா இங்கன."

கட்டியும்விட்டாள். பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வந்தவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்து அவள் வாசலில் போய் நின்று மேளம் அடித்தார்கள். தெருவில் சாமி சப்பரம் வந்தால் என்ன செய்வாளோ, அதையே அத்தை செய்தாள். தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, அவர்களோடு வேஷம் கட்டி வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஆரத்தி காட்டினாள். பஞ்சுத் தாடியில் தீப்பிடித்துவிடுமோ என்று தாத்தா பின்பக்கமாகவே நகர்ந்து சாக்கடை ஓரம் வரை போய்விட்டார்.

சன்னல் வழியாகப் பார்த்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

"அம்மா, நட்சத்திரத்த எங்கன கட்ட?" மேலிருந்து மகள் கேட்டாள்.

"இது என்ன கேள்வி? அத்த வீட்டுலதான்."

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது: "சூடம் வாங்கியாச்சு. இந்த வருசமாவது தாடியக் கொஞ்சம் குட்டையா வச்சிட்டு வரச் சொல்லு."