எழுநூற்று அறுபது மில்லிமீட்டர்

அன்புச்செல்வி இருபத்தோரு வருடம் அளந்து பார்த்தே சம்பளம் வாங்கியவள். கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஷாஃப்ட்டின் விட்டம் மயிரிழை கூடியிருந்தாலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். செய்தவர்கள் வந்து கத்துவார்கள். கேட்டு முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றுபோனது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. போத்தனூரில் சொந்தமாக ஒரு சின்ன வீடு, ஒரு ஸ்கூட்டர், காலை ஐந்து மணிக்குத் தன் கையால் ஒரு டம்ளர் காப்பி. போதுமானதாக இருந்தது.

நாற்பத்து மூன்றாம் வயதில் பொள்ளாச்சி ரோட்டில் தேங்காய் ஏற்றி வந்த டெம்போ ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து இடித்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்றார் மருத்துவர்.

“எவ்வளவு உறுதிங்க?” என்று கேட்டாள்.

“முழுசா.”

தலையாட்டினாள். அழுதது பிறகு, பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு நாள்.

அண்ணன் கருப்புசாமி மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் இருப்பவர். சக்கர நாற்காலியோடு தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவரும் அண்ணி பொன்னாத்தாளும் ஒரு குறையும் வைக்கவில்லை. காப்பி மட்டும் ஏழரைக்கு வந்தது. அன்புச்செல்வி ஐந்து மணிக்கு விழித்து ஏழரை வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்பது மாதம் பார்த்தாள்.

ஒருநாள் தானே சமையலறைக்குப் போய், எட்டி எட்டி அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டாள். இரண்டு கையும் சக்கரத்துக்கு வேண்டுமே, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். கொஞ்சம் சிந்தியது. துடைத்துவிட்டு மீதியைக் குடித்தாள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பியிருந்தது அவளுக்குத் தெரியாது. மத்தியானம் துணி மாற்றும்போது அண்ணிதான் பார்த்தாள்.

புண் ஆற ஆறு வாரம் ஆனது.

“இனி அடுப்புப் பக்கமே போகாத கண்ணு,” என்றார் கருப்புசாமி. “நாங்க இருக்கறோமல்ல. உனக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லீங்ணா. நான் எங்கூட்டுக்குப் போறேன்.”

“போயி?”

“சமையல்கட்டை இடிக்கணும்.”

கருப்புசாமி அண்ணியைப் பார்த்தார். அண்ணி அன்புச்செல்வியின் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். படம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

போத்தனூரில் கொத்துவேலைக்கு அக்பர் அலி வந்தார். முப்பது வருட அனுபவம். காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“சமையல் மேடை முப்பத்துநாலு இஞ்சுங்கம்மா. அதுதான் அளவு.”

“யாருக்குங்க பாய்?”

“எல்லாருக்குந்தான்.”

“எனக்கு எழுநூத்தி அறுபது மில்லிமீட்டருங்க. அடியில அலமாரி வேண்டாம். முழங்கால் உள்ள போகணும்.”

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். “முப்பது இஞ்சுகூட வராதுங்க. பாலர் பள்ளியாட்டம் இருக்கும்.”

அன்புச்செல்வி நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறி உட்கார்ந்து, “ஒருதடவை நீங்க இதுல உக்காந்து போயி ஒரு டம்ளர் கழுவிட்டு வாங்க,” என்றாள்.

அக்பர் அலி உட்கார்ந்து உருட்டினார். வாசல் நிலையில் இரண்டு கை முட்டியும் உரசித் தோல் போனது. தொட்டிக்கு நேராக நிற்க முடியாமல் பக்கவாட்டில் ஒதுங்கிக் கையை உயர்த்தினார். குழாய் விரல் நுனிக்கு எட்டியது. திறந்தார். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி அக்குளுக்குள் போனது. அடுப்பைப் பார்த்தார்.

“தீ மூஞ்சிக்கு நேரா இருக்குதுங்க.”

“ஆமாங்க.”

மறுநாள் சம்மட்டியோடு வந்தார்.

சமையலறை வாசலை அகலமாக்கினால் வாஸ்து கெடும் என்று யாரோ சொன்னதாகக் கருப்புசாமி போனில் சொன்னார். “அவரை வீல்சேர்ல ஒருக்கா வரச்சொல்லுங்ணா,” என்றாள். வாஸ்து சொன்னவர் வரவில்லை. வாசல் மூன்றடி ஆனது.

தொட்டி ஆழம் குறைந்தது. சுடுதண்ணீர் போகும் குழாய் தொடையில் படாதபடி சுவரோரம் தள்ளிப்போனது. அடுப்பு மேடைக் கல்லோடு சமமாக உள்ளே இறங்கியது. சூடான பாத்திரத்தை இனி மடியில் வைக்க வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து தொட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டே போகலாம்.

கான்கிரீட் இறுகியதும் அன்புச்செல்வி நாற்காலியை மேடைக்கு அடியில் விட்டாள். டக்கென்று சத்தம் கேட்டது. வலிக்கவில்லை, ஆனால் அது தன் முழங்கால்தான் என்று புரிந்தது. குனிந்து டேப் பிடித்தாள்.

“பாய், இது என்னங்க?”

“தாங்குமோ தாங்காதோன்னு முன்னால ஒரு பீம் போட்டுப்போட்டேனுங்க. அம்பது மில்லிதானுங்கம்மா.”

அவள் சிவப்புப் பேனாவை எடுத்துப் பீமின் மேல் ஒரு கோடு போட்டாள். அக்பர் அலி பீமை உடைத்துவிட்டு, சுவருக்குள் இரும்புத் தாங்கிகள் பதித்தார். பதித்தவுடன் அவரே மேடையில் ஏறி நின்று காட்டினார். அது அவர் மன்னிப்புக் கேட்ட விதம்.

பால் காய்ச்ச அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். பால் பொங்கி வரும்போது பொன்னாத்தாளின் கை தானாக முன்னால் நீண்டது. கருப்புசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அன்புச்செல்வி அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துக் கல்லின் மேலேயே டம்ளர்கள் வரை நகர்த்தினாள். மூவருக்கும் ஊற்றினாள். காப்பி அவ்வளவு நன்றாக இல்லை, டிகாக்‌ஷன் நீர்த்திருந்தது. அவள் கண் நிறைந்திருந்ததால் யாரும் அதைச் சொல்லவில்லை. அவளே இன்னொரு முறை போட்டாள்.

டம்ளர் கழுவப்போன கருப்புசாமிதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “ஏனம்மணி, நின்னு வேலை செய்யறவங்களுக்கு இது ஆகாதாட்ட இருக்குதே.”

“உக்காந்து கழுவுங்ணா.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கழுவினார்.

கம்பெனி அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்போது மூன்று சக்கர வண்டியில் போய்வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும்போது அக்பர் அலி போனில் கூப்பிட்டார். குனியமுத்தூரில் ஒரு வீட்டில் அந்த அம்மாவுக்கு முட்டிவலியாம், உட்கார்ந்து சமைக்க மேடை கேட்கிறார்களாம்.

“அந்த எழுநூத்தி அறுபதையே வெச்சுப்போடட்டுங்களா?”

“அது என்னோட அளவுங்க பாய். அவங்களை உக்கார வெச்சு அளந்துபோட்டுக் கூப்பிடுங்க.”

அரைமணி கழித்துக் கூப்பிட்டு எழுநூற்றுப் பத்து என்றார். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே, இன்னொரு தடவை அளக்கச் சொன்னாள்.