ஆம்பூர் அண்ணனின் பத்தியம்

ஆம்பூர் அண்ணன் இறந்துவிட்டார். காலையில் அவர் மனைவி போன் செய்தார்... இன்னும் எனக்குக் கை ஓடவில்லை.

"எழுதும்மா, நாலு பேருக்குத் தெரியட்டும். பேரு மட்டும் வேணாம்" என்றார். நான் வேலை செய்யும் லேபில் நாங்கள் கூப்பிட்டதும் ஆம்பூர் அண்ணன் என்றுதான்.

தோல் பதனிடும் டேனரியில், தோலுக்குச் சாயம் போடும் டிரம்மில் வேலை. பல வருஷமாக ஹெபடைடிஸ் பி, கல்லீரலில் தங்கும் வைரஸ். தினமும் ஒரு மாத்திரை, அதில் கட்டுக்குள் இருந்தது.

இந்த வைரஸ் உடம்பில் ரொம்ப நாள் தங்கிவிட்டால், அதை எதிர்க்க வேண்டிய ரத்த செல்கள் ஓய்ந்துபோய்விடும். எதிரி கண்ணெதிரே இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வேலூரில் எங்கள் லேபில் அதைத்தான் ஆராய்கிறோம்.

அதற்கு ரத்தம் கொடுக்க வருகிறவர் அண்ணன். ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து...

சொன்னதை அப்படியே செய்கிற மனிதர். முதல் தடவை யாரோ வெறும் வயிற்றில் வரச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எப்போதும் வெறும் வயிறுதான். "சாப்ட்டே வரலாம்ணா" என்றால், "பரவால்லம்மா, சொல்ட்டாங்க இல்ல" என்பார்.

ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் அவருடைய செல்களையே காட்டினேன். நீலச் சாயம் ஏறியிருந்தால் செத்தது, ஏறாவிட்டால் உயிரோடு இருக்கிறது என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க டிரம்ல எல்லாமே செத்ததுதாம்மா. அதான் சாயம் ஜோரா புடிக்குது."

லேபே சிரித்தது.

கொஞ்ச மாதம் முன்னால் உடம்பு அசதியாக இருந்திருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் காமாலைக்கு நாட்டு மருந்து தரும் இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். எங்கள் பக்கம் இது சகஜம். பச்சிலையை அரைத்துப் பாலில் கலந்து தருவார்கள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இங்கிலீஷ் மருந்து கூடாது.

அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்தியம் முடிந்த பிறகும் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது; ஏண்ணா என்று கேட்டேன்.

"மறுபடி போடுன்னு அங்க யாரும் சொல்லலியேம்மா..."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாத்திரை நின்றதும் வைரஸ் ஏறியிருந்தது. வருஷக்கணக்கில் ஓய்ந்து கிடந்த செல்கள் ஒரேயடியாக விழித்துக்கொண்டன. வைரஸ் குடியிருந்த கல்லீரலையே அடித்து நொறுக்கிவிட்டன.

வார்டில் எடுத்த கடைசி சாம்பிளை நான்தான் பார்த்தேன். அவர் செல்கள் அப்படி வேலை செய்து அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் வார்டுக்குப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள். பேசவே மூச்சு வாங்கியது.

"இன்னாம்மா, என் செல்லு இப்பனாச்சும் வேலை செய்யுதா?"

"செய்யுதுண்ணா. நல்லாவே செய்யுது."

பொய் இல்லை.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். "கேட்டியா? வூட்டுக்குப் போய்டலாம்."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அலைந்தது போதும் அண்ணா... தூங்குங்கள்.