கடிபட்ட மோதிரம்

பல்லக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். பல் செய்கிற கூடத்தில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவளுக்கு வேறு என்ன பெயர் நிலைக்கும்? மருத்துவர் அனுப்பும் அளவை வைத்து மெழுகில் பல் செதுக்கி, அதை உலோகமாக வார்த்து அனுப்புவது அவள் வேலை. கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்வரிசையைத்தான் பார்ப்பாள்.

நாற்பது வயதில் அவளுக்கு நகை வார்க்கும் ஆசை வந்தது. யார் கண்ணிலும் படாமல் கடைவாயில் போய் உட்காரும் பொருளை எத்தனை காலம்தான் இழைத்து இழைத்துச் செய்வது? ஒரு மாத விடுப்பு போட்டாள். கணினியில் வரைந்ததை அப்படியே மெழுகில் குடைந்து தரும் சின்ன மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கிச் சமையலறை மேசையில் வைத்தாள். கடைத்தெருவில் இருந்த நகைக்கடைக்காரர், "திங்கக்கிழமை காலையில ஒரு வெள்ளி மோதிரம் வார்த்துக் கொண்டு வாங்க, பாத்துட்டு வேலை தரலாமான்னு சொல்றேன்" என்றார். அதே திங்கட்கிழமையோடு விடுப்பும் முடிகிறது. மோதிரம் தேறாவிட்டால் செவ்வாய்க்கிழமை பழையபடி கடைவாய்ப் பல்.

முதல் மோதிரத்தில் மெஷின் ஊசி ஓடிய தடமெல்லாம் வரிவரியாக வெள்ளியில் இறங்கிவிட்டது. இரண்டாவதில் அச்சுக்காக மெழுகைச் சுற்றி ஊற்றிய மாவுக்குழம்பில் காற்றுக்குமிழ் நின்றுவிட்டது. கூடத்தில் குமிழை வெளியேற்ற அதிரும் மேசை உண்டு. வீட்டில் கையால் தட்டியது போதவில்லை. மோதிரம் முழுக்க வேர்க்குரு போட்டிருந்தது.

ஞாயிறு காலை மூன்றாவது மெழுகு மோதிரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி மேசை ஓரத்தில் வைத்தாள். தங்கை தன் பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பச்சை மெழுகு, பார்க்க மிட்டாய் மாதிரி. குழந்தை சும்மா விடுமா?

"ஐயோ, வாயத் தொற! துப்புடி!"

நல்லவேளை, எதையும் விழுங்கவில்லை. ஆனால் மோதிரத்தின் பக்கவளைவில் ஒரு சின்னப் பள்ளம், அரிசி அகலத்துக்கு. முந்தாநாள் எட்டிப்பார்த்த பல்லின் வேலை.

பல்லக்கா உருகிய மெழுகில் கரண்டியைத் தோய்த்தாள். அடைக்க இரண்டு நிமிடம் போதும்.

"அக்கா, அடைச்சிடாத! இவளோட மொதப் பல்லுக்கா இது. இதையே வார்த்து எனக்குக் குடு."

"எனக்கு நாளைக்கு வாழ்வா சாவான்னு இருக்கு. ஒனக்கு ஞாபகப்பொருள் கேக்குதா?"

"மெஷினுக்கு என்ன வலிக்கவா போவுது? இன்னொண்ணு குடையச் சொல்லேன்."

அதுவும் சரிதான். மெஷின் முணுமுணுக்காமல் இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று குடைந்து தந்தது. இரண்டையும் ஒரே அச்சில் வைத்தாள். உருகிய வெள்ளி உள்ளே போக வழி வேண்டுமென்று ஒவ்வொரு மோதிரத்திலும் மெழுகுக் காம்பு ஒட்ட வேண்டும். புதிய மோதிரத்துக்குப் பழகிய கை பழகிய காம்பையே ஒட்டியது. கடிபட்டதைப் பார்த்ததும் பயம் வந்தது. பள்ளத்தில் மெலிந்திருக்கிறதே, அங்கே வெள்ளி போய்ச் சேருமா? அதற்கு மட்டும் இரண்டு மடங்கு தடித்த காம்பாக வைத்தாள். மாவு இறுகி, உலையில் மெழுகெல்லாம் எரிந்து போன பிறகு வெள்ளியை ஊற்றினாள்.

தண்ணீரில் அச்சைப் போட்டதும் மாவு புஸ்ஸென்று கரைந்தது. கடிபட்ட மோதிரம் முழுசாக வந்திருந்தது. நல்ல மோதிரம் பாதி வட்டத்தில் நின்று பல்லை இளித்தது. தனித்தனியாக வார்த்தபோது தப்பித்த மெல்லிய காம்பு, இந்த முறை பக்கத்துத் தடித்த காம்பு வெள்ளியை இழுத்துக்கொள்ள, முதலிலேயே உறைந்து வழியை அடைத்திருக்கிறது. அது பல்லுக்கு வைக்கிற காம்பு. புரிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இன்னொன்று வார்க்கப் பொழுதும் இல்லை, வெள்ளியும் இல்லை.

திங்கட்கிழமை இரண்டையும் கடைக்காரர் முன்னால் வைத்தாள். ஒளிக்கத் தோன்றவில்லை.

"இது ஏன் பாதியில நின்னுபோச்சு?"

"காம்பு மெலிசு, சார். பல்லுக்கு வைக்கிற அளவுல வச்சுட்டேன். இதுக்குத் தடியா வச்சேன், நெறஞ்சிடுச்சு."

அவர் தலையாட்டினார். கடிபட்டதை எடுத்து, கண்ணில் உருப்பெருக்கியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. இதென்ன பள்ளம்?"

"தங்கச்சி பொண்ணு கடிச்சது. மொதப் பல்லு."

கடைக்காரர் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பல்லக்கா, போச்சு, செவ்வாய்க்கிழமை கடைவாய்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அவர் போனை எடுத்தார். "ஏம்மா, பேத்திக்குப் பல்லு வெளிய தெரியுதுன்னியே, எத்தனை? ஒண்ணா? சரி, சாயங்காலம் கடைக்குத் தூக்கிட்டு வா. எதுக்கா? ஒண்ணைக் கடிக்கணும்."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "மெழுகு எடுத்துட்டு வருவீங்களா?"

"கழுவி எடுத்துட்டு வரேன், சார்."

செவ்வாய்க்கிழமை பல் கூடத்துக்குப் போன் மட்டும்தான் போனது, அவள் போகவில்லை.