அங்கம்மாவின் வாசலுக்கு வந்த கைத்துப்பாக்கி

அங்கம்மா யாருடைய சட்டைப் பைக்குள்ளும் கைவிட்டதில்லை. புறங்கையால் பையின் மேல் ஒரு தட்டு, அவ்வளவுதான். தீப்பெட்டி என்றால் குச்சிகள் சலசலக்கும். லைட்டர் என்றால் கெட்டியாக மோதும். கைபேசி என்றால் ஓசையே வராது, ஆனால் ஆள் நெளிவான்.

திருவொற்றியூரில் தவசிமுத்து முதலாளியின், பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் பெயின்ட் தின்னர் அடுக்கிய கிடங்கில், 2011 ஆகஸ்ட் 17 முதல் வாசலில் உட்கார்ந்திருப்பவர் அவர். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் உள்ளே டின்னில் தின்னர் ஊற்றும் வேலை. 2011 ஜூன் 9 அன்று ஒரு டிரம் உருண்டு இடது முழங்காலில் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு முதலாளி கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். "இனி நிக்க முடியாதுல்லா, உக்காந்து பாரு," என்றார். மூலக்கொத்தளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே அவர் அந்த நாற்காலியில் இருப்பார். பக்கத்து ஸ்டூலில் நான். காலை பத்து மணி வரை வாசல் பதிவேடு எழுதுவது என் வேலை. 2025 செப்டம்பர் முடிய அவர் தட்டிப் பிடித்து, மாலையில் திருப்பிக் கொடுத்த தீப்பெட்டிகள் 2,316.

சுமை தூக்குபவர்கள் 23 பேர், லேபிள் ஒட்டும் பெண்கள் 11 பேர். முப்பத்து நான்கு பேரும் தட்டு வாங்கித்தான் உள்ளே போவார்கள். முதலாளிக்கு மட்டும் தட்டு கிடையாது. அப்படி யாரும் விதி போடவில்லை. அவர் வருவார், அங்கம்மா பாதி எழுந்திருப்பார், அவர் கையசைப்பார், அங்கம்மா உட்கார்ந்துவிடுவார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. கிடங்குக்குள் சூடம் கொளுத்த முடியாது என்பதால் எங்கள் பூஜை எப்போதும் வாசலுக்கு வெளியே ரோட்டோரம்தான். மேசை மேல் வாழையிலை. எடை போடும் தராசு, டிரம் திறக்கும் சாவிகள், ஸ்பானர் பதினொன்று, வாசல் பூட்டு, என் பதிவேடு, பேனா. அங்கம்மா சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். முதலாளி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் பதிவேட்டுக்கு அருகில் பயபக்தியோடு வைத்தார்.

கைப்பழக்கத்தில் அங்கம்மா அதற்கும் சந்தனம் வைத்துவிட்டார். குங்குமத்துக்குப் போன விரல்தான் நடுவில் நின்றது.

"யக்கா, அது டுமீலுக்கா!" என்றான் லூர்து. ராயபுரத்துக்காரன், சுமை தூக்குபவர்களில் வாய் நீளம்.

பெண்கள் பதினொரு பேரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"லைசென்ஸ் உள்ளதுதான்," என்றார் முதலாளி. "ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வைக்காம வேற எதை வைக்க?"

சாமிக்குக் காட்ட மறக்கவில்லை. முப்பத்து நான்கு பேருக்கும் காட்டுகிறோம் என்பதைத்தான் மறந்துவிட்டார். 2022 நவம்பரில் மணலி ரோட்டில் மாத்தூர் அருகே பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் காரை மறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். பின்னால் ஒரு லாரி வந்ததால் ஓடினார்கள். அதன் பிறகு விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, மறு ஆண்டு ஆகஸ்டில் உரிமம் வாங்கியிருக்கிறார். உறையில் போட்டு, வெளியே தெரியாமல் கொண்டு போகலாம். அப்படியே இரண்டு ஆண்டுகள் கொண்டு வந்திருக்கிறார். அவர் இடுப்பின் புடைப்பைக் குடலிறக்கத்துக்குப் போடும் பெல்ட் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று மாலை பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் சீக்கிரமே கலைந்தார்கள். முதலாளி பல்குச்சியால் துப்பாக்கி மேலிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் விடுமுறை. அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை காலை 7.04. முதலாளி அப்போதுதான் வழக்கம்போல் தட்டு வாங்காமல் உள்ளே போயிருந்தார். லூர்துவின் பையில் அங்கம்மா தட்டினார். சலசலத்தது.

"எடு."

"எதுக்குக்கா? காந்தி பொறந்த நாளுக்கு லீவு வுட்டுட்டு மறுநாளே மொதலாளி துப்பாக்கியோட உள்ள போறாரு. என் பீடி மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

"அவரு மொதலாளி."

"தின்னருக்குத் தெரியுமாக்கா அவரு மொதலாளின்னு?"

நீட்டிய கையை அங்கம்மா நாற்காலிக் கைப்பிடிக்கே கொண்டுபோனார். லூர்து தீப்பெட்டியோடு உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் நான்கு பேர் அதே மாதிரி போனார்கள். நேர்மையாகக் கொடுத்தவர்கள் தங்களை ஏமாளிகளாக நினைத்துக்கொண்டு போனார்கள். லேபிள் ஒட்டும் ஜூடி, தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்க வேண்டியவள், முதலாளி அறைவரை போய்த் திரும்பி வந்தாள். "அவரு கோவப்பட்டா கை எங்கக்கா போவும்? எனக்கு அங்கதான் பார்வை போவுது," என்றாள். அன்று முழுவதும் ஆயிரத்து நூறு டிரம்களுக்கு நடுவே ஐந்து தீப்பெட்டிகள் இருந்தன. ஐந்து பேரின் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

சாயங்காலம் அங்கம்மா என்னிடம், "தப்பு என்னுதுதான் சார். பதினாலு வருஷமா அந்த ஒரு ஆளை மட்டும் தட்டாம வுட்டேன். நாளைக்குத் தட்டப் போறேன். அனுப்புறதா இருந்தா அனுப்பட்டும்," என்றார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டார். இந்த நாற்காலி போனால் உட்கார்ந்து செய்கிற வேலை வேறெங்கும் அவருக்குக் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை, 7.02. முதலாளி காரிலிருந்து இறங்கினார். அங்கம்மா இந்த முறை முழுதாக எழுந்து நின்றார். புறங்கை அவர் இடுப்பில் பட்டது. ணங் என்று கேட்டது.

"என்னம்மா இது?"

"உள்ள போவக்கூடாது மொதலாளி."

"எனக்கேவா? லைசென்ஸ் இருக்குன்னு சொன்னேன்லா!"

"லைசென்சு ரோட்டுக்கு. இது கெடங்கு." அங்கம்மா சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். தீப்பெட்டி, பீடி, சிகரெட், லைட்டர், கைபேசி, கடைசி வரியில், 'தீப்பொறி தரும் எந்தப் பொருளும்'. அவரே வாசகம் சொல்லி எழுத வைத்த பலகை அது.

முதலாளி அந்தக் கடைசி வரியைப் படித்தார். "சரி, இங்க உங்கிட்ட வச்சுட்டுப் போறேன்," என்று உறையில் கைவைத்தவர் உடனே கையை எடுத்துக்கொண்டார். "ஐயோ, அது முடியாது. லைசென்ஸ் என் பேர்ல. நீ கையில வாங்குனா உன்னையும் பிடிப்பாம், என்னையும் பிடிப்பாம்."

"அப்போ உள்ளயும் போவ முடியாது, வெளியயும் வெக்க முடியாது," என்றான் வரிசையில் நின்ற லூர்து. "மொதலாளிக்கு ஒரு ஸ்டூல் போடுங்க சார்."

"நாளைக்கே வேற ஆளப் போடுவேன், பாத்துக்க!" என்று முதலாளி அங்கம்மாவிடம் சத்தம் போட்டார்.

"போடுங்க. அவனுக்கும் இதே பலகைதான். நேத்து அஞ்சு பேரு தீப்பெட்டியோட உள்ள போனான். ஏன்னு கேட்டா உங்களக் காட்டுறான். நான் இன்னா பண்றது?"

"அஞ்சு பேரா?" அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். பெயரும் நேரமும் இருந்தன. படித்தவர் என் ஸ்டூலின் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது," என்றார் மெல்ல. "அது இடுப்புல இல்லன்னா, மணலி ரோட்டுல ஒரு பைக் பக்கத்துல வந்தாலே கை நடுங்குது."

யாரும் சிரிக்கவில்லை. லூர்துகூட.

அங்கம்மா யோசித்தார். "ராயபுரத்துலேர்ந்துதானே வர்றீங்க? இவனும் அங்கேர்ந்துதான் வர்றான், பஸ்ஸுல தொங்கிகினு. இவனை முன் சீட்டுல குந்த வெச்சிகினு வாங்க. இவன் வாய்க்கு எவனும் கிட்ட வர மாட்டான்."

முதலாளி காரில் ஏறி வீட்டுக்குப் போனார். அன்று திரும்பி வரவில்லை. அங்கம்மா ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று பிறகு சொன்னார்.

திங்கள், 7.01. கார் வந்தது. முன் சீட்டில் லூர்து, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு. முதலாளி இறங்கி வரிசையில் மூன்றாவதாக நின்றார். அவர் முறை வந்ததும் சட்டையைத் தூக்கிக் கைகளை விரித்தார். அங்கம்மா இரண்டு பக்கமும் தட்டினார். துணி ஓசைதான்.

"போங்க மொதலாளி."

"நாளைக்கும் நீதானே இங்க?" என்றார் அவர். "அவன் வண்டிய விட்டு எறங்குற வரைக்கும் வாய மூடல. காது வலிக்குது," என்று உள்ளே போனார்.

அடுத்தது லூர்து. தட்டினார். சலசலத்தது.

"யக்கா, மொதலாளி கார்ல வந்தேன்க்கா!"

"மொதலாளியே காலியா வந்துட்டாரு. நீ இன்னா பெரிய இவனா? எடுடா!"

எடுத்தான். பின்னால் நின்ற நான்கு பேர், தட்டுக்குக் காத்திராமல் தாங்களாகவே பைக்குள் கைவிட்டார்கள்.