இருட்டுவதற்குள் வந்த கதிரைகள்

என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். பின்னர் பாலையூற்றில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மரண உதவிச் சங்கத்துக் கதிரைகளுக்கும் பந்தலுக்கும் அவரே பொறுப்பாக இருந்தார். செத்தவீட்டுக்காரரை, வருகிறவர்கள் அமரும் கதிரைக்கு அலையவிடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். சுவாமியார் நோயாளிக்குப் பூசும் எண்ணெயோடு ஒரு வீட்டுக்குப் போனால், அன்று இருட்டுவதற்குள் கதிரைகள் வண்டியில் ஏறி ஆயத்தமாக நிற்க வேண்டும்.

ஈரலில் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபோது, நோயிற்பூசுதல் பெற வேண்டும் என்று அவரே கேட்டார். நான் நாட்களைக் கடத்தினேன். சுவாமியார் வாசற்படி ஏறினால் எல்லாம் முடிந்தது என்று கொள்வதே எங்கள் தெருவின் வழக்கம். சுகப்படுவோம் என்ற எண்ணத்தைத் தவிர அவரைத் தாங்க வேறொன்றும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

“நினைவோடை இருக்கேக்கை பூசவேணுமப்பா,” என்றார் என்னிடம். “ஆமென் எண்டு நான் சொல்லவேணும். எனக்காக நீர் சொல்லுறதில்லை.”

ஒரு பின்னேரம் சுவாமியார் வந்தார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். என் கணவர் தெளிவாக ஆமென் சொன்னார். சுவாமியார் போய்ச் சிறிது நேரத்தில் வாசல் படலையடியில் சங்கத்து லான்ட்மாஸ்டர் வண்டி உறுமியது. சங்கப் பொறுப்பை அவருக்குப் பின் ஏற்ற அயலவர், நீலக் கதிரைகளை முற்றத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, மனசைத் தேற்றுங்கோ. பந்தலை எந்தப் பக்கம் போடுறது?”

உள்ளிருந்து கணவரின் குரல் வந்தது. “ஆரடா செத்தது?”

அயலவர் தூக்கிய கதிரையோடு அப்படியே நின்றார். “அண்ணை... சுவாமியார் வந்திட்டுப் போனவர். நீங்கள் சொன்னபடிதான்...”

“ஏத்தி வைக்கத்தானேடா சொன்னனான்! ஒருநாளும் என்ரை சொல்லுக் கேளாதவன், இண்டைக்கு மிச்சமாக் கேட்டிருக்கிறாய்.”

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் எல்லாவற்றையும் கொண்டுபோகும்படி கத்தினேன்.

“விடும்,” என்றார் கணவர். “வந்த கதிரை வெறுமனே போகக்கூடாது. சனத்தைக் கூப்பிடும். செத்தாப்பிறகு படிக்கிற பாட்டுகளை இப்ப படிக்கட்டும். பேந்து நான் எங்கையிருந்து கேக்கிறது?”

அயல் வீட்டார் தயங்கித் தயங்கி வந்து அமர்ந்தனர். உயிர்ப்பையும் மறுவாழ்வையும் பற்றிய பாட்டுகளை, அவை யாருக்கானவையோ அவர் முன்னாலேயே பாடினர். அவர் போர்வையின் மேல் விரலால் தாளம் போட்டார். நான் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தபடி நின்றேன். அந்த அமைதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை; அதன்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

மறுநாள் கதிரைகள் திரும்பிப் போயின. ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. “அதொண்டு கிடக்கட்டும். இரண்டுதரம் ஏத்தி இறக்க அவன்ரை நாரியெலும்பு தாங்காது.” அதைக் கட்டிலருகே போட்டு, பிறகு வந்த நாட்களெல்லாம் நான் அதிலேயே இருந்தேன்.

மாரி மழை தொடங்கியபோது நோவும் கூடியது. ஒரு மத்தியானம் என் கையை இறுகப் பிடித்தார்.

“பயமாக் கிடக்கப்பா.”

அன்று அந்தப் பாட்டுகளைக் கேட்டவருக்குப் பயமே இல்லை என்று நான் நம்பியிருந்தேன். “நான் இஞ்சதான் இருக்கிறன்,” என்று மட்டும் சொன்னேன்.

அவர் நான் இருந்த கதிரையைப் பார்த்தார். “எத்தினை பேருக்குக் கதிரை போட்டனான். போற இடத்திலை ஆண்டவர் எனக்கும் ஒண்டு போட்டு வைச்சிருப்பார்.”

“அப்ப பயம் போயிட்டுதோ?”

“இல்லை. அதுவும் கிடக்கு.”

இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதை அன்றுதான் கண்டேன்.

கடைசிக் காலையில் சுவாமியார் செபம் சொல்லி முடித்தபோது என் கணவரின் உதடுகள் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆமென் என்று நான் சொன்னேன். அவர் நம்பிய அளவுக்கு நம்பித்தான் சொன்னேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மூச்சு நின்ற பின் படலையடியில் அயலவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

“அக்கா, கொண்டுவரட்டோ?”

“ஓம், கொண்டுவாங்கோ,” என்றேன். எழுந்து, நான் இருந்த கதிரையைத் தூக்கி முற்றத்தில் முதலாவதாகப் போட்டேன்.